ஜாக்கெட்டுக்கு வாய்தா

(கடைத்தெருவில் ஒரு தையல் கடை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆணிகளில் தொங்கும் துணிப் பைகளுக்கு நடுவே எங்கோ சேகர் இருக்கிறார். கணக்கு டீச்சர் கோமதி படியேறுகிறார்.)

கோமதி: சேகர், என் ஜாக்கெட்?

சேகர்: வாருங்கள் டீச்சர். உட்காருங்கள். ஃபேனைப் போடட்டுமா?

கோமதி: நீங்கள் ஃபேனைப் போட்டாலே ஜாக்கெட் தயாராகவில்லை என்று அர்த்தம்.

சேகர்: தயார்தான் டீச்சர். கை மட்டும் பாக்கி.

கோமதி: விடிந்தால் கல்யாணம். கை இல்லாத ஜாக்கெட்டோடா போய் நிற்பேன்?

சேகர்: அதுவும் இப்போது ஃபேஷன்தான்... சரி, சரி, முறைக்காதீர்கள். இதோ வைத்துவிடுகிறேன். பாரிஸ் தையல்காரர்கள் மட்டும் ஜெயித்திருந்தால் இந்தக் கைக்கு நீங்கள் அடுத்த ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

கோமதி: எந்தப் பாரிஸ்? பாரிமுனையா?

சேகர்: பிரான்சில் இருக்கிற பாரிஸ். என் மகள் ஃபேஷன் டெக்னாலஜி படிக்கிறாள் இல்லையா? அவள் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிப்பாள், நான் காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். திமோனியே என்று ஒரு தையல்காரர். 1830இல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, 80 மெஷினைப் போட்டு ராணுவத்துக்கு உடுப்பு தைக்க ஆரம்பித்தார். மறு வருஷமே ஊர்த் தையல்காரர்கள் திரண்டு வந்து அத்தனையையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

கோமதி: அடப் பாவமே!

சேகர்: பிழைப்பு போய்விடுமே என்ற பயம். நம் ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது.

கோமதி: நம் ஆட்களா?

சேகர்: தொழில் ஒன்றுதானே டீச்சர். அதே காலத்தில் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவரும் ஒரு மெஷின் செய்தார். கைத்தையல் பெண்கள் பட்டினி கிடப்பார்கள் என்று மகள் சொன்னாளாம். காப்புரிமையே வாங்காமல் விட்டுவிட்டார்.

கோமதி: அவர் மகள் பேச்சைக் கேட்டுக் கெட்டார். நீங்கள் மகள் பாடத்தைக் கேட்டுக் கெட்டீர்கள். நூலைக் கோத்துக்கொண்டே பேசுங்கள்.

சேகர்: (ஊசியைக் காட்டி) இதைப் பாருங்கள். கையூசிக்குக் காது மேல் நுனியில். இதற்குக் குத்துகிற முனையிலேயே காது. ஊசி துணிக்குள் இறங்கி மேலே கிளம்பும்போது அடியில் நூல் சின்ன வளையமாக நிற்கும். பாபின் நூல் அந்த வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்ததும் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எலியாஸ் ஹோ இதற்கு 1846இல் காப்புரிமை வாங்கினார். 1851இல் சிங்கர் தன் மெஷினோடு வந்தார். ஹோ வழக்குப் போட்டு அவரிடம் பணம் கறந்தது தனிக் கதை.

கோமதி: அந்தக் கதை வேண்டாம். கையைப் பொருத்துங்கள்.

சேகர்: (பெடலை மிதித்தபடி) ஒரு சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆன காலம் டீச்சர் அது. மெஷினில் 1 மணி 16 நிமிடம். மெஷின் விற்றவர்களே போட்ட கணக்கு.

(தப்பு செய்துவிட்டார். கணக்கு டீச்சரிடம் போய் எண்ணைச் சொல்லலாமா?)

கோமதி: நான் துணி கொடுத்து மூன்று வாரம். ஞாயிறு போக 18 நாள். நாளுக்கு 8 மணி என்றால் 144 மணி நேரம். இதற்குள் 113 சட்டை தைத்திருக்கலாம். மீதி 52 நிமிடம் வரும், அதை உங்கள் டீக்கு விட்டுவிடுகிறேன். 113 சட்டை தைக்கிற நேரத்தில் என் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைக்க முடியவில்லையா?

சேகர்: மிச்சமான நேரத்தை யார் தின்றது தெரியுமா? மெஷின் வந்ததும் அங்கே கவுனுக்கு அடுக்கடுக்காகச் சுருக்கம், மடிப்பு, ஓரத்துக்கு ஓரம் லேஸ் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலை குறையவே இல்லை.

கோமதி: அது அந்த ஊர்ச் சீமாட்டிகள். நான் என்ன கேட்டேன்?

சேகர்: (சீட்டை எடுத்துப் படிக்கிறார்) "பஃப் கை. முதுகில் ஜன்னல். ஜன்னலுக்குக் குறுக்கே மூன்று முடிச்சு. கழுத்துக்கு இரட்டைப் பைப்பிங். நாடா நுனியில் முத்து வைத்த குஞ்சம்."

கோமதி: ...குஞ்சம் என் நாத்தனார் யோசனை.

சேகர்: உங்கள் அம்மா அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "இதே மாதிரி" என்று ஒரு வார்த்தை சொல்வார். என் அப்பா மறுநாளே தைத்துக் கொடுப்பார்.

கோமதி: இதற்குத்தான் காந்தி இயந்திரமே வேண்டாம் என்றார்.

சேகர்: தையல் மெஷினை மட்டும் அவர் விட்டுவைத்தார் டீச்சர்! 1924இல் ஒரு மாணவரிடம் சொல்லியிருக்கிறார். மனைவி தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் இதைச் செய்தாராம்.

கோமதி: எவ்வளவு தங்கமான மனிதர்!

சேகர்: சிங்கருக்குப் பிள்ளைகள் 24 பேர்.

கோமதி: ஒரே மனைவிக்கா?

சேகர்: அதுதான் இல்லை. காந்தியிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோமதி: 24 பேருக்கும் சட்டை வேண்டுமே! மெஷின் செய்யாமல் அந்த மனிதர் வேறு என்ன செய்வார்? போகட்டும், அவ்வளவு விலையுள்ள சாமானை ஏழைபாழைகள் எப்படி வாங்கினார்கள்?

சேகர்: தவணை! சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டுவந்த ஏற்பாடு. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். வீட்டுப் பெண்கள் அந்த மெஷினிலேயே தைத்துக் கடனையும் அடைத்தார்கள். என் அப்பா இதை வாங்கியதும் தவணையில்தான்.

கோமதி: அதுதான் ஜாக்கெட்டையும் தவணையில் தருகிறீர்கள். போன வாரம் உடம்பு, இந்த வாரம் கை.

சேகர்: (நூலைக் கத்தரித்து உதறி) இந்தாருங்கள். முடிந்தது.

கோமதி: (திருப்பித் திருப்பிப் பார்த்து) கொக்கி எங்கே?

சேகர்: கொக்கி கையால் வைக்க வேண்டும் டீச்சர். அந்த அம்மாள் வரவில்லை. ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார்.

கோமதி: எந்தக் கல்யாணம்?

சேகர்: நீங்கள் போகிற அதே கல்யாணம்தான். (மேஜை டிராயரைத் துழாவுகிறார்) இந்தாருங்கள், ஆறு ஊக்கு. மெஷினுக்குக் காப்புரிமை வாங்காமல் விட்டாரே அந்த வால்டர் ஹன்ட், இதுவும் அவர் செய்ததுதான். இதற்கு 1849இல் ஞாபகமாகக் காப்புரிமை வாங்கினார். வாங்கி, 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

கோமதி: அவ்வளவுதானா? சரி, கூலி எவ்வளவு?

சேகர்: 650 ரூபாய் டீச்சர்.

கோமதி: 400 இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மாதாமாதம்.