ஒய்பி, உங்கள் கையில் இருப்பது நிலம்

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பேசினார். மலேசியாவில் மக்கள் பிரதிநிதியை ஒய்பி என்போம், 'மாண்புமிகு' என்று அர்த்தம். கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் நடுவில், நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த ஊர் எங்களுடையது. ஒய்பி வருகிறார் என்றால் வடை இருக்கும், வடை இருந்தால் கூட்டம் இருக்கும். பேர் சொல்லப் போவதில்லை. மனிதர் நல்லவர், சாவு வீட்டுக்கும் வருவார், கல்யாண வீட்டுக்கும் வருவார். ஆனால் அன்றைக்குப் பேசியதில் பாதியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதலில் படிப்பு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை 2025-இல் நாடாளுமன்றத்தில் திருத்தி இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கினார்கள். ஆரம்பக் கல்வி 2003-லிருந்தே கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். ஒய்பி இதைப் பெருமையோடு சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும்தான் தட்டினேன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்று மோட்டார் பட்டறைக்குப் போன பையன்கள் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே எத்தனை பேர்!

பின் வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "ஒய்பி, சட்டம் வந்தா வேனும் வந்துருமா?"

இடைநிலைப் பள்ளி தோட்டத்திலிருந்து 14 கிலோமீட்டர். வேன் கட்டணம் பிள்ளைக்கு மாதம் 120 வெள்ளி. அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், ஆக 360 வெள்ளி. வீட்டுக்காரர் வாங்குவது குறைந்தபட்சச் சம்பளம் 1,700. விடிவதற்கு முன்பே செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் பிள்ளையை எப்போது மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போவார்? பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பது அப்பன் அக்கறை இல்லாதவன் என்பதால் இல்லை. இவர்களிடம் போய் 5,000 வெள்ளி அபராதம் என்றால்?

"அது கூட்டரசு விஷயம்க்கா" என்றார் ஒய்பி. மத்திய அரசாங்கத்தைச் சொல்கிறார்.

உண்மைதான். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் கல்வியும் மருத்துவமும் கூட்டரசுப் பட்டியலில்தான் இருக்கின்றன. அந்தச் சட்டங்களுக்கு இவர் கை தூக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. அப்படியென்றால் முக்கால் மணி நேரம் எதைப் பற்றிப் பேசினீர்கள், ஒய்பி?

சரி, மருத்துவக் காப்புறுதிக்கு வருகிறேன். "எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள், இபிஎஃப் பணத்திலிருந்தே கட்ட வழி வரும்" என்றார். இபிஎஃப் என்பது சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் சேமநிதி. எனக்கு வயிறு எரிந்தது. என் பாலிசிக்கு மாதம் 210 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தேன். 300-க்கு மேல் ஏறும் என்று 2024 கடைசியில் கடிதம் வந்தது. அந்த ஆண்டு சிலருக்கு 40 முதல் 70 விழுக்காடு வரை ஏற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. கூச்சல் பெரிதானதும் டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. ஏற்றம் ரத்தாகவில்லை, தவணையாகி இருக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்து ஆளின் இபிஎஃப் கணக்கில் என்ன கொட்டியா கிடக்கிறது? அதிலும் கைவைத்தால் கிழவயதில் கஞ்சிக்கு எங்கே போவது?

எங்களுக்கெல்லாம் காப்புறுதி என்பது அரசாங்கக் கிளினிக்கின் ஒரு வெள்ளிதான். சீட்டுக்கு ஒரு வெள்ளி, நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து வெள்ளி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர், இருந்தார். கலக்குத் தண்ணி மருந்தும் ஊசியும் அவர் கையில்தான். அந்தக் கட்டடம் இப்போது உரமூட்டை அடுக்கும் ஸ்டோர்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் தமிழ்ப்பள்ளி நிற்பது தோட்டக் கம்பெனி நிலத்தில். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளாவது இருக்கும் தோட்டத்தில் முதலாளிதான் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படிக் கிடைத்த பள்ளிகள், அந்த நிலத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நிலம் அரசாங்கத்துடையது இல்லை என்பதால் பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் வரும், கட்டடத்துக்கு முழுப்பணம் வராது. கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டியலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

1960-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின்படி பொது நோக்கத்துக்காகத் தனியார் நிலத்தை எடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. அதைப் பற்றி மாநிலச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை இவருக்கு இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரே ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரோ இங்கே வந்து கோலாலம்பூர் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்.

கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது இதைத்தான் கேட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் உதவியாளரைக் கூப்பிட்டு, "அண்ணன் சொல்றத எழுதிக்கோ" என்றார். தம்பி பள்ளி நிலத்தின் லாட் எண்ணைத் தப்பாக எழுதினான். பேனாவை வாங்கி நானே அடித்துத் திருத்தி, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் கேள்வி வந்தால் அதை இங்கே போடுகிறேன். வராவிட்டால் அந்தப் படத்தைப் போடுகிறேன்.