சம்பளம் தள்ளிப்போன மாதங்கள்
மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடாததால் 2024-25இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் மத்திய நிதி 2,152 கோடி ரூபாய் நின்றது வெறும் அரசியல் சண்டை, பள்ளிகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. சமக்ர சிக்‌ஷாவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். அது வராவிட்டால் முதலில் அடிபடுவது ஒப்பந்தப் பணியாளர்கள்தான். என் அக்கா அப்படி ஒருவர், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறார். சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் வண்டி பெட்ரோலுக்குக் கடன் வாங்கினார். ஒரு பையனுக்கு அப்போதுதான் பென்சில் பிடிக்க வந்திருந்தது, பாதியில் விட மனசு வரவில்லை அவருக்கு. பிஎம் ஸ்ரீயோடு சேர்ந்து வரும் என்று தமிழகம் சொல்லும் மும்மொழிக் கொள்கையை எதிர்ப்பது சரி, நானும் எதிர்க்கிறேன். ஆனால் டெல்லிப் பணம் தாமதமானால் இவர்கள் சம்பளத்தை மாநில அரசே தேதி தவறாமல் தருமா என்று பேரவையில் இரு தரப்பும் பேசட்டும்.