இடது காது

ஞாயிறு கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை ஆளுக்கு ஆள் பகிர்ந்துவிட்டீர்கள், நான் வேறு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் அதன் கீழே வந்த கருத்துகளை நேற்று இரவு ஒவ்வொன்றாக வாசித்தேன். "ஐயா பகிடிக்குச் சொன்னதை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?" "ஒரு அறைதானே!" அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.

பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பற்றிப் பேசத்தான் அந்த ஐயாவை ஞாயிறு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேசியது உங்களுக்குத் தெரியும். "புருஷன் பெண்சாதிக்குள்ள ஒரு அறை விழுந்தா என்ன, அடிக்கிற கைதான் அணைக்கும்." மண்டபம் சிரித்தது. முன்வரிசைப் பெண்களும் சிரித்தார்கள்.

அவர் நல்லவரா கெட்டவரா என்ற கதைக்கு நான் வரவில்லை. அந்த ஒரு அறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது உடம்பில் எங்கே விழுகிறது, விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று.

விரித்த கை காதை மூடியபடி விழும்போது, துவாரத்துக்குள் இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளே இடிக்கும். காதுச் சவ்வு மெல்லியது, கிழிந்துவிடும். அடிக்கிறவர்களில் பெரும்பாலானோர் வலக்கைக்காரர். முகத்துக்கு நேரே நின்று அடிப்பதால் இடது காதுதான் அதிகம் போகும். சின்னக் கிழிசல் என்றால் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். பெரிதாக இருந்தால், அல்லது தண்ணீர் போய்க் கிருமி பிடித்தால், காது வடியத் தொடங்கும். கேட்பது குறையும். சிலருக்குச் சத்திரசிகிச்சை வரை போகும். ஒரு அறைதான். ஒரே ஒரு அறை.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது என் அக்காவால். பெரியம்மாவின் மகள். கலியாணமாகி இரண்டாம் வருடம். அத்தான் ஓட்டோத் திறப்பைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடினார். பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தவள், "உங்கட சட்டைப்பையைப் பாருங்கோ" என்றாள். திறப்பு அங்கேதான் இருந்தது. அறை விழுந்தது.

காதுக்குள்ளிருந்து நூல் மாதிரி இரத்தம் வந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டோவில் ஏறும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "விழுந்தது எண்டு சொல்லு. இவளுக்குக் கீழ இன்னும் இரண்டு குமர் இருக்கு." அங்கே இருந்தது சின்ன வயது டொக்டர் பிள்ளை. என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். "குளிக்கிற இடத்தில வழுக்கி விழுந்திட்டா" என்று நான் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதத் தொடங்கினாள். நான் சொன்னதையே எழுதினாள்.

இது நடந்து 19 வருடம். ஒவ்வொரு மாரிக்கும் அக்காவின் காது வடிகிறது. சில காலைகளில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறாள். தெருவைக் கடக்கும்போது இடப்பக்கம் வருகிற வாகனம் அவளுக்குக் கேட்பதே இல்லை. பெரியம்மா செத்த பிறகு அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளி எல்லோரும் தலையில் ஊற்றினோம். பெற்ற மகள் மட்டும் இடது கையால் காதை அழுத்திப் பொத்திக்கொண்டு, கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொண்டு நின்றாள். அந்தக் காட்சியைக் கண்ட பிறகு "ஒரு அறைதானே" என்று எவர் எழுதினாலும் எனக்கு உடம்பு பதறுகிறது.

சட்டம் கூட இதை அப்படிப் பார்க்கவில்லை. ஒரு காதின் கேட்கும் சக்தியை நிரந்தரமாக இல்லாமல் செய்வதை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை கடுமையான காயங்களில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது, கண்ணைக் குருடாக்குவதோடு சேர்த்து. அணைப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இப்போது வருவீர்கள், ஆண்களும் அடி வாங்குகிறார்கள் என்று. வாங்குகிறார்கள், அதுவும் பிழை. அதற்கு ஒரு கூட்டம் வையுங்கள், நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேச வந்த விஷயம் அதுவல்ல.

யுத்தம், சுனாமி, இடம்பெயர்வு, அதனால் குடி, எங்கள் ஆண்கள் உடைந்துபோனவர்கள் என்று ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். என் அப்பாவும் அப்படி உடைந்த மனிதர்தான், இரவில் எழும்பி முற்றத்தில் நடப்பார். ஆனால் தம்பி, 2004இல் கடல் எங்கள் பெண்களை விட்டுவிட்டா போனது? 2006இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியது யார்? அத்தான் கடன்காரன் மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பேசும்போது தலை குனிந்துதான் நின்றார். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்று வெறியிலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் இருக்கிறதே, போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்கிறவர்களுக்கு. இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். அவளுக்காகப் பொலிசும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938க்கு அழைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே நட்பு நிலையம் என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், சிங்களத்தில் மிதுரு பியச. அன்றைய கூட்டம் கூடியதே இதைச் சொல்லத்தான். சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை. பகிடியும் பழமொழியும் சொல்லி, தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். "அவர் அடிக்கிறேல்லை, கழுத்தைத்தான் பிடிச்சவர்" என்று சொல்லும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். காயம் தெரியாததால் அதை அடிக்கணக்கில் சேர்ப்பதில்லை. கழுத்தை நெரித்தால் பத்து விநாடியளவில் மயக்கம் வரலாம். வெளியே ஒரு தழும்பும் இல்லாமலே உள்ளே இரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், சில நாள் கழித்துப் பாரிசவாதம் வரலாம். குரல் கம்மினால், விழுங்க நோவென்றால், கண்ணில் சிவப்புப் புள்ளி கண்டால், தலையிடி விடாவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது வயிற்றில் அடி பட்டால் நச்சுக்கொடி கழன்று தாயும் பிள்ளையும் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால், தயவுசெய்து, விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். கூடப் போகிறவர்கள் என்னைப் போலச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எப்படிப் பட்டது என்று தெரியாவிட்டால் டொக்டருக்கும் எதைத் தேடுவது என்று தெரியாது.

2019இல் அரசாங்கமே நாடு முழுக்க எடுத்த பெண்கள் நலன் ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமிருந்தே உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார். அன்றைக்கு மண்டபத்தில் ஐம்பது பெண்களாவது இருந்தோம். நாடு முழுக்க உள்ள கணக்குப்படி பார்த்தால் பத்துப் பேர். சிரித்தவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்திருப்பார்கள். சிரித்தவர்களிலும் இருந்திருப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது.

ஏனென்றால் அக்காவையும் அன்றைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஓரத்துக் கதிரைதான் கிடைத்தது, மேடை அவளுக்கு இடப்பக்கம். எல்லோரும் சிரித்தபோது என் பக்கம் திரும்பி, "என்னவாம், ஏன் சிரிக்கினம்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் முகத்திலும் சிரிப்பு வரப்பார்த்தது, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று.

"ஒண்டுமில்லையக்கா" என்றேன்.

நேற்றுத்தான் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஃபோனை வலது காதில் வைத்துக் கடைசி வரை கேட்டாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. என்ர பேரைப் போடாத" என்றாள்.