21 கியர் எதுக்கு மாப்ளே?

தங்கச்சி பையன் நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு சைக்கிள் படம் அனுப்பினான். "மாமா, 21 கியர், முன்னாலயும் பின்னாலயும் ஷாக், ரெண்டு டிஸ்க் பிரேக். 16,000 தான். வாங்கிரட்டுங்களா?"

அவன் ஓட்டப் போவது கோவைப் பக்கம், பேரூரிலிருந்து மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாகச் சிறுவாணி ரோட்டில். மனசு வந்தால் நடுவில் தோப்புக்குள் போகும் ஏதாவது ஒரு இட்டேரி. இதற்கு எதற்கு மலையிலிருந்து குதிக்கிற வண்டி?

அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். பட்டன் டயர், தடித்தடியான ஃபிரேம், பார்க்க பைக் மாதிரியே இருக்கும். தார் ரோட்டில் ஏறியதும் டயர் முனக ஆரம்பித்தது. எழுந்து நின்று மிதித்தால் முன் ஷாக் அமுங்கி அமுங்கி எழும், மிதித்த பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். பால்காரர் ஒருவர் பழைய கறுப்பு சைக்கிளில் இரண்டு கேனோடு என்னைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கறுப்பு சைக்கிளின் டயர் 28 x 1½. அகலம் ஏறக்குறைய 40 மி.மீ. ஷாக் கிடையாது. தார் ரோடு, வாய்க்கால் மேடு, களத்துமேடு எல்லாம் அதே வண்டிதான். இன்றைக்கு தாருக்கும் மண்ணுக்கும் சேர்த்து கிராவல் பைக் என்று லட்ச ரூபாய்க்கு விற்பதிலும் டயர் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் தாத்தாக்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, பாவம்.

அதனால் மாப்பிள்ளைக்குச் சொன்னேன்: ஹைப்ரிட் பார், ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவாந்திர வகை. 700சி சக்கரம், 35 முதல் 40 மி.மீ. டயர், முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஷாக் வேண்டாம். மலிவு வண்டியில் வரும் ஸ்பிரிங் ஷாக் மட்டுமே இரண்டரைக் கிலோ இருக்கும். இந்த அகல டயரில் தார் ரோட்டுக்கு 55 பி.எஸ்.ஐ., மண் தடத்துக்கு 40 பக்கம் காற்று வைத்தால் டயரே ஷாக்தான். (ஆள் கனமாக இருந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும். அவன் நோஞ்சான்.) 700சி ரிம்மும் 29 இஞ்ச் ரிம்மும் ஒரே விட்டம், 622 மி.மீ. ஃபிரேமில் இடம் இருந்தால் பிறகு அகல டயர் மாட்டிக்கொள்ளலாம்.

21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. அதில் பாதி ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட அதேதான். நான் தினமும் தொடுவது ஐந்தாறு. ஆனைகட்டி மலை ஏற்றம் என்றால், முன் பல்சக்கரத்தில் சின்னதும் பின்பக்கம் பெரியதும் இருந்தால் போதும். மற்றது ஸ்டிக்கரில் போட்டுக்கொள்ள. டிஸ்க்கும் அப்படித்தான். மழைக்கும் சேற்றுக்கும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ரிம்மை அழுத்திப் பிடிக்கும் சாதா வி-பிரேக் கட்டையை எந்தச் சைக்கிள் கடையிலும் பத்து நிமிடத்தில் மாற்றித் தந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் அளவு. எனக்கு ஒரு சைஸ் பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு, "சீட்டை இறக்கிக்கலாங்க" என்றார் கடைக்காரர். சீட்டை இறக்கலாம், ஹேண்டில்பாரைப் பக்கத்தில் இழுக்க முடியுமா? மூன்று மாதம் கழுத்து வலி. வண்டிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றால் பார் கம்பிக்கு மேலே இரண்டு விரக்கடையாவது இடம் இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் நீள வேண்டும். அதைப் பார்க்காமல் படத்தை வைத்து வாங்குவது, கால் வைத்துப் பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அந்த மிச்சத்தில் மட்கார்டும் ஒரு கைப்பம்பும் வாங்கிக்கொள் என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க மாமா, ஆனா ஷாக் இல்லாட்டி பசங்க சிரிப்பாங்களே?" என்கிறான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அளவு பார்க்க.