ஒரு கிண்ணம் சோறும் இருபது டாலரும்

"மேக்னிஃபிசென்ட் செவன் பார்த்தாச்சு. அப்புறம் எதுக்கு செவன் சாமுராய்? அதே கதைதானே, அதுவும் மூன்றரை மணி நேரம்!" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். டீக்கடையில் நின்றபடியே பதில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது டீயும் ஆறிப்போனது, பதில் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அவருக்கு டேக் போட்டாச்சு, தப்பிக்க முடியாது. (கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இரண்டில் எதையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

அமெரிக்கப் படத்தை மட்டம் தட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்ததே 1960இல் ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்த அந்தக் கௌபாய் படம்தான். ஏழு பேருக்கும் தலைவனாக வரும் யூல் பிரைன்னரின் மொட்டைத் தலையில் அப்பாவுக்கு அப்படி ஒரு மயக்கம். எல்மர் பெர்ன்ஸ்டீனின் இசையைப் படமே பார்க்காதவர்களும் கேட்டிருப்பார்கள்; பின்னாளில் மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்துக்குப் போனது அதுதான். எனக்கு ஸ்டீவ் மக்வீன். வசனம் குறைவு, ஆனால் பிரைன்னர் பேசும்போதெல்லாம் பக்கத்தில் இந்த மனிதர் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பார். சவ வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் துப்பாக்கிக் குண்டை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். எல்லோரும் குதிரையில் ஓடையைக் கடக்கும்போது இவர் மட்டும் குனிந்து தொப்பியால் தண்ணீர் அள்ளுவார். பார்க்கிறவன் கண் எங்கே போகும்?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவே அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் கௌபாய் படங்களை விழுந்து விழுந்து ரசித்தவர். அங்கே கற்றதில் கொஞ்சத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோய் 1954இல் 'செவன் சாமுராய்' எடுத்தார். 1956இல் அந்தப் படம் அமெரிக்காவில் வெளியானபோது வைத்த பெயரே 'மேக்னிஃபிசென்ட் செவன்'தான். நான்கு வருடம் கழித்து ஹாலிவுட் கதையையும் எடுத்துக்கொண்டது, பெயரையும் எடுத்துக்கொண்டது. ஆக, யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று பஞ்சாயத்து வைப்பதில் அர்த்தமில்லை. கைமாறும்போது எது கீழே விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

கதை தெரிந்ததுதான். கொள்ளையர்கள் ஒரு கிராமத்தை வருடா வருடம் சுரண்டுகிறார்கள். இந்த முறை பார்லி முற்றியதும் வருவார்கள் என்று தெரிந்துபோகிறது. கிராமத்தார் ஊரைக் காக்க ஆள் தேடிப் போய் ஏழு பேரைக் கூட்டி வருகிறார்கள். சண்டை. ஏழில் நான்கு பேர் சாகிறார்கள். கொள்ளையர்கள் ஒழிகிறார்கள். இரண்டு படத்திலும் கணக்கு இதேதான், சாகிற எண்ணிக்கை உட்பட.

சரி, கூலி என்ன?

குரோசவாவின் விவசாயிகளிடம் கொடுக்கக் காசு இல்லை. மூன்று வேளை அரிசிச் சோறு, அவ்வளவுதான். நகரத்தில் ஒரு மட்டமான சத்திரத்தில் தங்கிக்கொண்டு, கண்ணில் படுகிற சாமுராய்களையெல்லாம், அதாவது வாள் ஏந்தும் போர்வீரக் குலத்தாரையெல்லாம், கெஞ்சுகிறார்கள். கொண்டுவந்த அரிசியில் ஒரு பகுதி திருடு போகிறது. தரையில் சிந்திக் கிடக்கிற மணிகளை யோஹேய் என்ற கிழவன் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான். தலைவன் கம்பேய் (தகாஷி ஷிமுரா) இது ஆகிற காரியம் இல்லை என்று தயங்குகிறான். அதுவரை விவசாயிகளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்த கூலிக்காரன் ஒருவன் சட்டென்று சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். இந்த மடையன்கள் உனக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டு, தாங்கள் எதைத் தின்கிறார்கள் தெரியுமா என்று கத்துகிறான். அவர்கள் தின்பது 'ஹியே'. நம் குதிரைவாலிக்கு உடன்பிறப்பு. இன்று நாம் சர்க்கரைக்கு நல்லதென்று விலை கொடுத்து வாங்குகிற தானியம். அங்கே அது அரிசிக்கு வழியில்லாதவன் சாப்பாடு.

கம்பேய் கிண்ணத்தைக் கையில் வாங்குகிறான். இந்தச் சோற்றை வீணாகச் சாப்பிட மாட்டேன் என்கிறான். சம்மதம் சொன்னதற்கு அதுதான் அடையாளம். கேமரா அந்தக் கிண்ணத்தைப் பார்க்கிறது. குவித்து வைத்த வெள்ளைச் சோறு. ஒரு மனிதன் உயிரின் விலை கண்ணுக்கு எதிரே, ஆவி பறக்க.

ஹாலிவுட்டில் அதே இடத்தில் ஆளுக்கு இருபது டாலர், ஆறு வாரத்துக்கு. கிராமத்தார் துப்பாக்கி வாங்கத்தான் ஊருக்கு வருகிறார்கள். இந்தக் காலத்தில் துப்பாக்கியைவிட ஆள் மலிவு, ஆளை எடுங்கள் என்று பிரைன்னர் சொல்கிறார். நல்ல வசனம். அதைவிட நல்லது ஒன்று உண்டு: வீட்டில் இருந்த சொற்பத்தையெல்லாம் திரட்டிக் கொண்டுவந்து வைத்ததும், என் வேலைக்கு நிறையக் கொடுப்பதாகச் சொன்னவர்கள் உண்டு, உள்ளது மொத்தத்தையும் யாரும் கொடுத்ததில்லை என்பார். எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது பேரம் பேசத் தெரிந்த மனிதனின் பெருந்தன்மை. இருபது டாலர் வாங்குகிறவன் எந்தக் குலம், கொடுக்கிறவன் எந்தக் குலம் என்று டாலர் கேட்பதில்லை. சோறு கேட்கும்.

என் வாதம் மொத்தமும் இதுதான். குரோசவா படத்தில் கொள்ளையர்கள் இரண்டாவது எதிரி. முதல் எதிரி, காப்பாற்ற வந்தவனுக்கும் காப்பாற்றப்படுகிறவனுக்கும் நடுவில் நிற்கிற சுவர். ஹாலிவுட் அந்தச் சுவரைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக ஏற்றிச் சென்றது.

சுவர் என்று எதைச் சொல்கிறேன்? ஏழு பேரில் ஒருவனான கிகுச்சியோ (தோஷிரோ மிபூனே) ஒரு கிராமத்து வீட்டிலிருந்து குவியலாகக் கவசங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இவனுக்கு ஒரே குஷி. மற்ற ஆறு பேர் முகமும் செத்துப்போகிறது. போரில் தோற்று, அடிபட்டு, தனியாக ஓடி வந்த சாமுராய்களைக் கொன்று பறித்த கவசங்கள் அவை. இந்த ஊர் விவசாயிகளை மொத்தமாக வெட்டிப்போடத் தோன்றுகிறது என்று வாயே திறக்காத சாமுராய் க்யூசோ சொல்கிறான். அப்போதுதான் மிபூனே வெடிக்கிறார். விவசாயி என்றால் புத்தர் என்று நினைத்தீர்களா? கஞ்சன், பொய்யன், கொலைகாரன். இல்லை என்பான், தரையைத் தோண்டினால் அரிசியும் உப்பும் பீன்ஸும் வரும். ஆனால் அவனை இப்படி ஆக்கியது யார்? நீங்கள்தான்! ஊரை எரித்தது யார், பெண்களைத் தூக்கியது யார்? கத்திவிட்டு உட்கார்ந்து அழுகிறான். நீ விவசாயி மகன்தானே என்று கம்பேய் கலங்கிய கண்ணோடு கேட்கிறான். ஏழாவது ஆள் சாமுராயே இல்லை.

இவன் குட்டு முன்பே ஒருமுறை வேடிக்கையாக உடைந்திருக்கும். தன் வம்சாவளி என்று ஒரு சுருளை நீட்டுவான். அதில் கிகுச்சியோ பிறந்தது தென்ஷோ இரண்டாம் ஆண்டு என்று இருக்கும், அதாவது 1574. அப்படியானால் உனக்கு வயது 13 என்று எல்லோரும் சிரிப்பார்கள். கதை நடப்பது 1586 வாக்கில் என்று நமக்குத் தெரிவதும் அந்தச் சிரிப்பில்தான். 1588இல், அப்போது ஜப்பானை ஆண்ட டொயொடோமி ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்த வாள்களையெல்லாம் பறிமுதல் செய்ய உத்தரவு போட்டார். 1591இல் சாமுராய் விவசாயியாகவோ வியாபாரியாகவோ மாறக் கூடாது, விவசாயி நிலத்தை விட்டுப் போகக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. அந்த ஹிதேயோஷி பிறந்தது சாதாரணக் குடியானவன் வீட்டில்! ஏணியில் ஏறியவர் ஏணியை மேலே இழுத்துக்கொண்டார். திருட்டுச் சுருளும் நீளமான வாளும் வைத்துக்கொண்டு கிகுச்சியோ ஏறப் பார்ப்பது, அந்த ஏணியின் கடைசி இரண்டு வருடங்களில்.

அமெரிக்கப் படத்தில் இந்தப் பேச்சு இல்லாமல் இல்லை. ஹோர்ஸ்ட் புக்ஹோல்ஸ் நடித்த சிக்கோ கிட்டத்தட்ட இதையேதான் கத்துகிறான்: நானும் இப்படி ஒரு கிராமத்தான்தான், எங்களை இப்படி ஆக்கியது யார்? துப்பாக்கி வைத்திருப்பவர்கள்! ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. சாமுராய் என்ற இடத்தில் துப்பாக்கி. பிறப்பு இருந்த இடத்தில் ஆயுதம். ஆயுதத்தை யார் வேண்டுமானாலும் கழற்றி வைத்துவிடலாமே! கடைசியில் சிக்கோ அதைத்தான் செய்கிறான். அடுக்கி வைத்த கவசங்கள் அங்கே இல்லை, அதனால் கிராமத்தார் கையில் ரத்தமும் இல்லை. மெக்சிகோவில் எடுத்த படம், தங்கள் மக்களை அழுக்காகக் காட்டக் கூடாது என்று அந்நாட்டுத் தணிக்கை அதிகாரிகள் கறாராக இருந்தார்கள். விளைவு, எப்போது பார்த்தாலும் விவசாயிகள் சலவைக்குப் போய் வந்த வெள்ளை உடுப்பில் நிற்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஹாலிவுட் மெக்சிகர்களைக் காட்டிய லட்சணம் அப்படி. பாதிக்கப்பட்டது படம்.

இன்னொரு மாற்றத்தை நான் மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். ஜப்பானியப் படத்தில் இரண்டு இளைஞர்கள். விவசாயியாகப் பிறந்து சாமுராய் ஆகத் துடிக்கிற கிகுச்சியோ ஒருவன். நல்ல குடும்பத்துச் சாமுராய்ப் பையன், விவசாயி மகள் ஷினோவைக் காதலிக்கிற கட்சுஷிரோ இன்னொருவன். சாமுராய் வருகிறான் என்றதுமே ஷினோவின் அப்பா அவளைப் பிடித்து உட்கார வைத்து முடியை வெட்டி ஆண் பிள்ளை மாதிரி ஆக்கிவிடுகிறார். கொள்ளையனுக்குப் பயந்து கூட்டி வந்தவனுக்கே பயந்து! கடைசிச் சண்டைக்கு முந்தின இரவு விஷயம் தெரிந்து மகளை அடிக்கிறார். அந்தக் காட்சியை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஸ்டர்ஜஸ் இந்த இருவரையும் ஒட்டி சிக்கோ என்று ஒரே ஆளாக்கிவிட்டார். சிக்கனமான வேலை, 207 நிமிடத்தை 128க்குள் அடக்க வேண்டுமே. ஆனால் இப்போது என்ன ஆயிற்று? காதலிப்பவனும் விவசாயி மகன், காதலிக்கப்படுகிறவளும் விவசாயி மகள். யார் தடுப்பது? ஒரு தையலில் கதையின் முள்ளை எடுத்துவிட்டார்கள்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். போர்ச்சுகீசியர்கள் ஜப்பானுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது 1543இல். குரோசவா படத்தில் கொள்ளையர்களிடம் இருப்பது மூன்றே மூன்று. சாகிற நான்கு சாமுராய்களும் குண்டடிபட்டுத்தான் சாகிறார்கள். ஒருவர்கூட வாளுக்குத் தோற்கவில்லை. வாள் வித்தையில் கரை கண்ட க்யூசோ கடைசி மழைச் சண்டையில் எங்கிருந்தோ வந்த ஒரு குண்டில் சேற்றில் சாய்கிறான். கையிலிருந்த வாளை வீசி எறிந்துவிட்டு விழுகிறான். சுட்டவன் பெண்கள் ஒளிந்திருக்கிற குடிசைக்குள் நிற்கிறான். அத்தனை வருடப் பயிற்சிக்கு அதுதான் மதிப்பு. அமெரிக்கப் படத்தில் க்யூசோவின் இடத்தில் வருகிற ஜேம்ஸ் கோபர்னும் குண்டில்தான் சாகிறார், ஆனால் அங்கே எல்லோர் இடுப்பிலும் அதுதானே தொங்குகிறது. ஒரு காலமே முடிந்துபோவது அந்தச் சாவில் தெரிவதில்லை.

ஸ்டர்ஜஸ் சுவரை எடுத்த இடத்தைக் காலியாக விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தனிமையை வைத்தார். ஒரு இரவு இந்தத் துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கைக்குக் கணக்குப் போடுகிறார்கள். வீடு? இல்லை. மனைவி? இல்லை. பிள்ளை? இல்லை. எதிரி? உயிரோடு யாரும் இல்லை. அவர்களில் ஒருவரான சார்லஸ் பிரான்சன், எங்கள் அப்பாக்கள் கோழைகள் என்று சொன்ன கிராமத்துப் பையனைப் பிடித்துப் பின்புறத்தில் நாலு வைத்துவிட்டு, குடும்பத்தைச் சுமப்பதுதான் தைரியம், எனக்கு அது வந்ததில்லை என்பார். இதெல்லாம் அசல் சரக்கு, குரோசவாவிடம் இல்லாதது. கிராமத்தில் ஒருவன் காட்டிக்கொடுத்து, கொள்ளைத் தலைவன் உயிர்ப்பிச்சை போட்டு அனுப்பிய பிறகும் இவர்கள் திரும்பி வருகிறார்கள். அந்தத் தலைவனாக வரும் ஈலை வாலக் சாகும்போது, இந்த மாதிரி ஊருக்காக உன்னை மாதிரி ஆள் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டுக்கொண்டே சாகிறார். பிரைன்னர் பதில் சொல்வதில்லை. 2016இல் டென்சல் வாஷிங்டனை வைத்து மறுபடி எடுத்தபோது அந்தக் 'ஏன்'னுக்குப் பழிவாங்கல் என்று ஒரு பதிலை வைத்து அடைத்துவிட்டார்கள். அதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

கடைசி வசனம் இரண்டிலும் ஒன்றுதான். விவசாயிகள்தான் ஜெயித்தார்கள், நாம் தோற்றோம். பிரைன்னர் குதிரையில் உட்கார்ந்து சொல்கிறார். சற்று முன்புதான் ஊர்ப் பெரியவர் சொல்லியிருப்பார்: அவர்கள் நிலம் மாதிரி, நீங்கள் வெட்டுக்கிளியை விரட்டிவிட்டுக் கடந்து போகிற காற்று. காற்றுக்குச் சோகம் இருக்கலாம், விலங்கு கிடையாது. சிக்கோ இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சோளக்கதிர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மற்ற இருவரும் இசையோடு மலையேறுகிறார்கள். அந்தத் தோல்வி அழகாக இருக்கிறது.

கம்பேய் சொல்வது 'மறுபடியும்' தோற்றோம் என்று. ஆயுள் முழுக்கத் தோற்ற போர்களிலேயே இருந்தவன் அவன். இந்த ஒன்றுதான் ஜெயித்தது. அவன் எதிரே நடவு நடக்கிறது. விவசாயி ரிகிச்சி பாட, மேளமும் புல்லாங்குழலும் சேர, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். ஷினோ நாற்றோடு வருகிறாள், கட்சுஷிரோவைப் பார்த்து ஒரு கணம் நிற்கிறாள், விலகி வயலுக்குள் இறங்கிவிடுகிறாள். மேட்டில் நான்கு மண் குவியல்கள், குத்தி நிற்கும் வாள்கள், காற்று.

இந்த இடத்தைத்தான் போன மாதம் அம்மாவுக்குக் காட்டினேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் தாத்தாவின் வயலில் நடவுக்கு இறங்கியவர். நடுவில் சமையலுக்கு எழுந்து போனதால் சண்டை பாதிக்குமேல் பார்க்கவில்லை. நடவு வந்ததும் வந்து உட்கார்ந்தார். நான் படத்தை நிறுத்தி, திரையில் அசையாமல் நிற்கிற அந்த மூன்று பேரைக் காட்டி, இவர் இப்போது என்ன சொல்லப்போகிறார் தெரியுமா அம்மா, அதில்தான் விஷயமே இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லு," என்றார். "நடவுப் பாட்டை நிறுத்திட்டியே, அதைப் போடு."