உதவித்தொகை வந்துச்சா?

காலையில் பல் தேய்க்கிறேனோ இல்லையோ, பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துவிடுகிறேன். நான்காவது மாதமாக அதே 612 ரூபாய்.

பேச்சுக்கு ஜேஆர்எஃப், அதாவது பிஎச்.டி. செய்பவர்களுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை, மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் 31,000-லிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி உயர்த்தியது. எனக்கு ஏதோ அரசு வேலை கிடைத்துவிட்ட மாதிரி சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறார்கள். ஆனால் அது மாதாமாதம் தானாக வந்து விழுவதில்லை. பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' என்று ஒருவர் போர்ட்டலில் என் பெயரை உறுதி செய்யவேண்டும்; 'செக்கர்' என்று இன்னொருவர் அதைச் சரிபார்த்து அனுப்பவேண்டும். அதற்குக் கெடு தேதி வேறு. எங்கள் மேக்கர் மெடிக்கல் லீவு. ஓடிபி வரும் போனும் அவரோடு லீவு.

அவர் திரும்பியதும் செக்‌ஷனுக்குப் போனால், "கைடு கையெழுத்து எங்கே?" கைடு வெளியூர்க் கருத்தரங்கில். நாலு நாள் காத்திருந்து வாங்கிப் போனால், "துறைத்தலைவர் சீல் மங்கலா இருக்கே". சரி என்று நானே கடையில் ஸ்டாம்ப் பேடு வாங்கி (அதற்கு எந்த நிதியில் பில் போடுவது?), பளிச்சென்று சீல் குத்திக்கொண்டு ஓடினால், சாப்பாட்டு நேரம்.

ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு மட்டும் மேக்கரும் கிடையாது, செக்கரும் கிடையாது. ஒரு நாள் தவறினால் அபராதம்.

இரண்டு வருடம் முடிந்தால் எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை, 42,000. அதற்குத் தனிக் கமிட்டி, தனி ஃபைல்.

"இன்னும் படிச்சு முடிக்கலையாடா?" என்று அம்மா கேட்கிறாள். போன மாதம் அவளிடம்தான் மூவாயிரம் வாங்கினேன்.