பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் போதாது

உங்கள் இதழில் டெங்கு பற்றி வெளியான கட்டுரை அந்நோயின் சிக்கல்களைப் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கொண்டே அளந்திருப்பது, வேலூரில் மருத்துவக் கோடிங் பணியில் (மருத்துவப் பதிவுகளைப் பார்த்து நோய்களுக்குக் குறியீடு இடும் வேலை) இருக்கும் எனக்கு வருத்தம் தருகிறது. உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, கசிவதுதான்; அதுவும் காய்ச்சல் தணிந்து, தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதி அடையும் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் பெரிதும் நிகழ்கிறது.

குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து வரும் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சம்மரி சிலவற்றில் ‘டெங்கு காய்ச்சல், பிளேட்லெட் 40,000’ என்று மட்டுமே இருக்கும். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 38-லிருந்து 47-க்கு ஏறியதும், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதாக ஸ்கேன் சொல்வதும் தெரியவரும்; இரண்டுமே பிளாஸ்மா கசிவின் அடையாளங்கள். உலக சுகாதார அமைப்பின் 2009 வகைப்பாட்டை ஒட்டி, ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அபாய அறிகுறிகள் இல்லாத டெங்குவுக்கு ஏ97.0, அவை உள்ள டெங்குவுக்கு ஏ97.1, தீவிர டெங்குவுக்கு ஏ97.2 எனக் குறியீடுகள் உள்ளன.

இப்படிப்பட்ட நோயாளிக்கு மூச்சுத்திணறலோ ஷாக்கோ (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறையும் நிலை) இருந்ததா என்பதைப் பொறுத்தே ஏ97.1 அல்லது ஏ97.2 அமையும், அதை ஆய்வக எண்களைப் பார்த்துக் கோடர் தாமாக முடிவு செய்யலாகாது, மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டே தீர வேண்டும். கேட்காமல், வகை குறிப்பிடாத டெங்குவுக்கான ஏ97.9 என்று போட்டு அனுப்பினால், ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்கும்போது குடும்பம்தான் அலைய நேரிடுகிறது.